பூர்ணாவின் நாட்டுக்கு ஒரு ரீம் இருக்கிறது

1

பொறாமை பாவம் என்று எனக்குத் தெரியும். தலையான பாவங்கள் ஏழில் அதுவும் ஒன்று என்று, முதல் நன்மைக்குப் படிப்பித்த சிஸ்டர் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லித்தந்தவர். பக்கத்து வீட்டுப் பெடியனின் புதுச் சைக்கிளைப் பார்த்தால் வருவதுதான் பொறாமை என்று அப்போது விளங்கிக்கொண்டேன். ஐம்பது வயது தாண்டி, லண்டனில் இருந்துகொண்டு, ஒரு நாட்டின் உதைபந்தாட்ட அணியை, எங்கள் பேச்சில் சொன்னால் ரீமை, பார்த்து எனக்கு அது வரும் என்று அந்த சிஸ்டரும் நினைத்திருக்க மாட்டார்.

அந்த நாடு நேபாளம். ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். பிரேசிலைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் ஒரு நியாயம் இருக்கிறது. நேபாளம் எப்போது உலகக் கிண்ணத்துக்குப் போனது என்று கேட்பீர்கள். போனதே இல்லை. அதிகமாகத் தோற்கிற ரீம்தான். ஆனாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் இருப்பது செவன் கிங்ஸில். வேலை பஸ் டிப்போவில், துப்புரவுப் பகுதி. காலையில் பஸ்கள் வெளியே போவதற்கு முன் கூட்டி, கழுவி, கண்ணாடி துடைத்து அனுப்ப வேண்டும். அதே ஷிப்டில் என்னோடு வேலை செய்கிறவர் பூர்ணா. நேபாளத்தில் பொக்காரா என்ற ஊர். தகப்பன் பிரிட்டிஷ் இராணுவத்தில் கூர்க்காவாக இருந்தவர், அந்த வழியில் இந்த நாட்டுக்கு வந்த குடும்பம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வூல்விச்சில் இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணக் கரையோரத்தில் இருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே பிடிக்காமல் இங்கே வந்தவன். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி டிப்போ ஆங்கிலம். அதில் பேசியதை இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன். "பிரதர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை "அண்ணை" என்று கூப்பிடப் பழக்கியது நான்தான்.

2

நான் பஸ்ஸின் மேல்தட்டைக் கூட்டினால் பூர்ணா கீழ்த்தட்டைக் கூட்டுவார். கீழே இருந்து சத்தம் வரும்.

"அண்ணை, பாத்தியளோ? திரும்பவும் தோத்துப்போனாங்கள்!"

"எத்தினைக்கு எத்தினை?"

"அதைக் கேளாதேங்கோ. நெஞ்சு நோகுது."

பிறகு தானாகவே சொல்லத் தொடங்குவார். அவருடைய நாட்டில் இராணுவத்துக்கு ஒரு ரீம், பொலிசுக்கு ஒரு ரீம். நன்றாகப் பந்து அடிக்கிற பெடியனுக்குச் சீருடையும் சம்பளமும் கிடைக்குமாம். பெண்பிள்ளைகளுக்கும் அப்படியே. பட்டினத்துக்குப் பட்டினம் ஒரு கப் சுற்றுப்போட்டி. அந்த நாட்களில் கடை பூட்டிவிட்டு, மைதானத்துக்கு மேலே இருக்கிற மலைச்சரிவில் எல்லாம் சனம் குந்தியிருக்குமாம். ஆபிரிக்காவில் இருந்துகூட ஆட்களைக் கூப்பிட்டு விளையாட வைப்பார்கள். காத்மாண்டுவில் பிரிவு பிரிவாக லீக். இப்போது பட்டினங்களின் பெயரிலேயே புதிதாகவும் ஒரு லீக் வந்திருக்கிறது.

இவ்வளவும் பெருமை. அடுத்த பஸ்ஸுக்கு ஏறினதும் திட்டுத் தொடங்கும். லீக் ஒரு வருடம் நடந்தால் பிறகு நடக்காதாம். நிலநடுக்கத்தில் வெடித்த மைதானத்தைக் கட்டி முடிக்க ஒரு யுகம் போனதாம். கெட்டிக்காரப் பெடியன்கள் எல்லாரும் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விடுகிறார்கள். போனவன் அங்கே சனி ஞாயிறு பந்து அடித்து, மற்ற நாளில் பெட்டி தூக்குகிறான். பெண்கள் ரீம் இறுதிப்போட்டி வரைக்கும் வரும், அங்கே தோற்கும், அடுத்த முறையும் வரும், தோற்கும்.

"லீக்கை நடத்துங்கோ எண்டா கூட்டம் நடத்துறாங்கள் அண்ணை. பந்து உருண்டையோ சதுரமோ எண்டும் ஒரு கூட்டம் வைப்பாங்கள்."

நான் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். திட்டுவதற்கென்று ஒரு சொந்தச் சங்கம் இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அந்த மனிதருக்குத் தெரியாது. தோற்றால் நெஞ்சு நோக ஒரு ரீம் இருக்கிறதே!

நான் பிறந்த நாட்டுக்கும் ஒரு ரீம் இருக்கிறது. எங்கள் கரையோரப் பெடியன்கள் சில வேளை அதில் விளையாடுகிறார்கள். பெயர்ப் பட்டியலில் அவர்களைத் தேடிப் பார்ப்பேன், இருந்தால் சந்தோசம். ஆனால் அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு எழும்பிக் கத்த வேண்டும் என்றால் கை பொக்கற்றுக்குள் போய்விடும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் படிப்புப் போதாது.

3

இந்த வருடம் குளிர் விட்டுப்போன நேரத்தில், தேநீர் குடிக்கும்போது பூர்ணா கேட்டார்.

"அண்ணை, ஊரில நீங்கள் லைன்ஸ்மனா நிண்டனீங்கள் எல்லோ?"

"ஓம். அது அந்தக் காலம்."

"எங்கட ஆக்களின்ர சுற்றுப்போட்டி வருது. கொடி பிடிக்க வாறியளோ?"

இங்கே இருக்கிற நேபாள ஆட்கள் கோடையில் ஊர் ஊராக ரீம் பிரித்து விளையாடுவார்கள். கொடி பிடிக்க அவர்களுக்குள் ஆள் இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு. பொக்காராக்காரன் கொடி பிடிச்சா தரான்காரன் அடிக்க வருவான். தரான்காரன் பிடிச்சா நானே அடிக்கப் போவன். வெளியாள் வேணும். உங்களுக்கு இதில பக்கம் ஒண்டும் இல்லைத்தானே. நாடும் இல்லை, ரீமும் இல்லை."

தோளில் கை போட்டு, நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு அன்று நான் கூட்டின பஸ்களில் ஒரு தூசி இருந்திருக்காது.

ஆனாலும் "வாறன்" என்றுதான் சொன்னேன். கொடி பிடிக்க ஆசை. எங்கள் ஊரில் கோயில் எந்தப் புனிதருக்கோ கழகமும் அவருக்குத்தான். திருநாளோடு சுற்றுப்போட்டி. இறுதிப்போட்டிக்கு முதல் நாள் விளையாட்டுச் சட்டைகளை மடித்துப் பீடத்துக்கு முன்னால் வைப்போம், சுவாமி தீர்த்தம் தெளித்துத் தருவார். எனக்கு ஓட்டம் உண்டு, உதை வராது. அதனால் கோட்டோரம் விட்டார்கள். அந்த வேலையில் ஒரு சங்கடம் இருந்தது. பின்னேரம் சொந்தக் கழகத்துக்கு எதிராகக் கொடி தூக்கிவிட்டு, அடுத்த நாள் காலையில் அதே ஆட்களுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று பூசை காண வேண்டும். சமாதானம் சொல்லுங்கள் என்று சுவாமி சொல்லும்போது சிலர் கை தரமாட்டார்கள். ஆனால் நான் பொய்க்கொடி தூக்கினேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. பிறகு மைதானம் இராணுவ முகாமுக்குள் போனது. நானும் நாட்டை விட்டுப் போனேன்.

ஊரில் கொடி பிடிக்க ஒரு வெள்ளைச் சட்டை போதும். இங்கே அப்படி இல்லை. சிறுபிள்ளைகளும் விளையாடுகிற இடமாம், பொலிஸ் சோதனைச் சான்றிதழ் வேண்டும். இருந்த வீடுகள் எல்லாம் எழுது, இரண்டு அடையாளப் பத்திரம் கொண்டு வா. என் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் பின்னால் நிற்கிறது, கரண்ட் பில்லில் முன்னால் நிற்கிறது. இது இரண்டு மனிதரா ஒரு மனிதரா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல். நான் நானேதான் என்று மகள் ஆங்கிலத்தில் பதில் எழுதிப் போட்டாள்.

4

அந்த மகளிடம்தான் வருகிறேன். பெயர் ஜெனிற்றா. பதினேழு வயது. என் கால்களுக்கு வராத உதை அவளுக்கு வந்திருக்கிறது.

எங்கள் ஊர்ச் சங்கமும் கோடையில் இல்ஃபோர்ட் பக்கம் ஒரு விளையாட்டுப் போட்டி வைக்கிறது. ஆண்களுக்கு உதைபந்தாட்டம். பெண்பிள்ளைகளுக்குச் சங்கீதக் கதிரை, தேசிக்காய் கரண்டி ஓட்டம். இரண்டு வருடத்துக்கு முன் இவள் நேரே போய்ப் பொறுப்பாளரிடம் கேட்டாள்.

"அங்கிள், கேர்ள்ஸ் ரீம் ஏன் இல்லை?"

"பிள்ளை, நீர் அடுத்த வருசம் மைக்கில அறிவிக்க வாரும். நல்லாத் தமிழ் கதைக்கிறீர்."

அவள் அடுத்த வருடம் வரவே இல்லை. பூர்ணாவின் மகள் அஸ்மிதா, கல்லூரியில் இவளோடு படிக்கிறவள். அவள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நேபாளச் சுற்றுப்போட்டியில் பெண்கள் ரீம்களும் இருக்கின்றன. ஒரு ரீமில் இரண்டு வெளியார் விளையாடலாம் என்று விதி. பொக்காரா ரீமில் ஒரு வெளியார் என் மகள்.

சிவப்புச் சட்டை ஒன்று வீட்டுக்கு வந்தது. நெஞ்சில் அந்த இரண்டு முக்கோணக் கொடி, முதுகில் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் அவளுடைய பெயர். ஒருநாள், "பிள்ளை, பைப்பைப் பூட்டும்" என்றேன். "ஹுஞ்ச" என்றாள். சரி என்பதற்கு நேபாளத்தில் அப்படிச் சொல்வார்களாம். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருவது எங்கள் வீட்டில் பழகிப்போன விசயம். இது புதிது.

மனைவி றீற்றா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"உங்களுக்கு எரிச்சல்."

"எனக்கென்ன எரிச்சல்? பிள்ளை விளையாடட்டும்."

"அப்ப ஏனப்பா எல்லா உடுப்பையும் மெசினுக்குள்ள போட்டிட்டு அந்தச் சட்டையை மட்டும் வெளியில விட்டனீங்கள்?"

"அது சாயம் போகும்."

"அது போகாது. நீங்கள்தான் வெளுத்துப்போய் நிக்கிறியள்" என்றுவிட்டுப் போனாள்.

5

சுற்றுப்போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை கண்டுவிட்டு, செவன் கிங்ஸில் ரயில் ஏறி, வைற்சப்பலில் மாறி வூல்விச் போனேன். மகள் முன்னமே போய்விட்டாள். வானம் காலையில் இருந்தே தூறிக்கொண்டிருந்தது.

மைதானத்தைச் சுற்றிக் கூடாரங்கள். மோமோக் கொழுக்கட்டை அவிகிற ஆவி. ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சு விடாமல் நேபாள மொழியில் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு அவர்களுடைய தேசிய கீதத்தைப் போட்டார்கள். மோமோ அவிக்கிற பெண்கள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவரை இரண்டு பேர் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள். நானும் கொடியைக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் என் மனதில் வந்தது செபம் இல்லை. இவர்களுக்கு மட்டும் ஏன், ஆண்டவரே, என்ற ஒரு கேள்விதான் வந்தது.

ஆண்களின் ஆட்டங்கள் குழப்பமில்லாமல் முடிந்தன. பெண்கள் இறுதிப்போட்டி பொக்காராவுக்கும் தரானுக்கும். அதற்கு வேறு ஒரு லைன்ஸ்மன் இருந்தார். அவர் ஈரப் புல்லில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். பூர்ணா கொடியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"ஏலாது பூர்ணா. என்ர பிள்ளை விளையாடுது."

"வேற ஆள் இல்லை அண்ணை. பொறுங்கோ, கேட்டிட்டு வாறன்."

தரான் ரீமுக்குப் பொறுப்பாக ஒரு பெண்மணி. குடையைப் பிடித்துக்கொண்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தா. என் கழுத்தில் கிடக்கிற சிலுவையையும் பார்த்திருப்பா.

"நீங்கள் கோயில் ஆள் எண்டு பூர்ணா சொன்னவன். காலையில சேர்ச்சுக்குப் போட்டுத்தான் வந்தனீங்களோ?"

"ஓம்."

"அப்ப நில்லுங்கோ. பொய் சொல்லமாட்டியள்."

ஆட்டம் தொடங்க முன் ஒரு மூத்த பெண், பிள்ளைகள் எல்லாருடைய நெற்றியிலும் சிவப்பில் அரிசி குழைத்த திலகம் வைத்துக்கொண்டு வந்தா. ஜெனிற்றாவுக்கும் வைத்தா. அவள் அந்தத் திலகத்தோடு குனிந்து புல்லைத் தொட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். எங்கள் பெடியன்கள் ஊரில் செய்த அதே மாதிரி. அவளுக்கு அதை நான் சொல்லிக்கொடுத்ததில்லை. வடிவாகத்தான் இருந்தது. இந்த வடிவை எங்கள் ஆட்கள் ஒருவரும் பார்க்கவில்லையே என்ற ஆத்திரமும் வந்தது.

ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய இன்னும் சில நிமிடம்தான். அஸ்மிதா நடுவில் பந்தை எடுத்தாள். ஜெனிற்றா என் பக்கக் கோட்டோரமாக ஓடினாள். தரானின் கடைசித் தடுப்புப் பிள்ளையைத் தாண்டி ஓர் அடி முன்னால் அவள் நிற்கிறாள், அந்த நேரத்தில் அஸ்மிதாவின் கால் பந்தில் படுகிறது. ஓஃப்சைட். என் கை மேலே போய்விட்டது. அதற்குள் பந்து வலைக்குள் போன சத்தம், சனம் கத்தின சத்தம், பிறகு, கோல் இல்லை என்ற விசில். சத்தம் எல்லாம் அடங்கிப்போனது.

ஜெனிற்றா திரும்பிப் பார்த்தாள். முதலில் நடுவரை. பிறகு கொடியை. அதற்குப் பிறகுதான் கொடியைப் பிடித்திருக்கிற ஆளை.

ஆட்டம் தண்டனை உதைகளுக்குப் போனது. பொக்காரா தோற்றது. தரான் பெண்மணி வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னா. பூர்ணா ஒரு தட்டு மோமோ கொண்டுவந்து தந்து, "சாப்பிடுங்கோ அண்ணை, ஆறிப்போகும்" என்றார். தோற்றவன் எனக்குச் சாப்பாடு தருகிறான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

6

ரயிலில் ஜெனிற்றா எனக்கு முன்னால் இருந்தாள், பக்கத்தில் இல்லை. சட்டையை மாற்றவில்லை. திலகம் மழையில் கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. துடையும் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். வைற்சப்பலில் இறங்கி மற்ற ரயிலில் ஏறும்போதும் முன்னால் நடந்தாள்.

அந்த ரயிலில் இருக்கும்போது அவளுடைய ஃபோனுக்கு வீடியோ ஒன்று வந்தது. பூர்ணாவின் மனைவி எதிர்ப்பக்கக் கோட்டோரத்தில் நின்று எடுத்தது. ஜெனிற்றா அதை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, திரும்பவும் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஓர் அடி முன்னால்தான் நின்றாள், எனக்கு நிச்சயம். ஆனால் நிச்சயம் என்று அந்த மைதானத்தில் என் கண் சொன்னதா, எரிச்சல் சொன்னதா? அது பொய்க்கொடியாக இருந்தால் இந்தப் பிள்ளை என்னை இனி ஒன்றுக்கும் நம்பாது. அதுதான் என் பயம். கப் யாரிடம் போனாலும் எனக்கென்ன.

கடைசியில் ஃபோனை என் பக்கம் நீட்டினாள்.

"ஓஃப்சைட்தான் அப்பா. யூ வேர் ரைற்."

எனக்கு மூச்சு வந்தது. "நான் சொன்னனான் தானே" என்றேன். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"ஆனா இதைப் பாருங்கோ." படத்தைப் பெரிதாக்கினாள். கொடி மேலே நிற்கிறது. கீழே என் முகம். "நீங்கள் ஏன் சிரிக்கிறீங்கள்?"

பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். பல் தெரிய இல்லை, ஆனால் சிரிப்பு. என் முகத்தை எனக்குத் தெரியாதா?

"அது... வெயில் கண்ணில பட்டிருக்கும்."

"அப்பா, மழை பெய்தது."

பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, விளங்கியிருக்க வேண்டும், மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்ராட்ஃபோர்ட் வந்தது. சனம் ஏறியது, இறங்கியது. செவன் கிங்ஸ் வருவதற்கு முன் ஏதாவது ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முயற்சி செய்தேன்.

"அந்தச் சட்டையில நீர் கோல் போட்டா, அது அவையின்ர கோல். அதுதான், பிள்ளை."

அவள் கோபிக்கவில்லை. ஃபோனைப் பைக்குள் வைத்தாள்.

"என்ர கோல் அப்பா. நான் அடிச்சது" என்றாள். "நீங்கள் என்னைப் பாக்கவே இல்லை. சட்டையைத்தான் பாத்தீங்கள்."

7

எங்கள் வீட்டில் இராச்சாப்பாட்டுக்கு முன் செபமாலை சொல்வோம். கோடையில் அந்த நேரம் வெளியில் நல்ல வெளிச்சமாகவே இருக்கும். பிள்ளை வளர வளர எவ்வளவோ விட்டுப்போனாலும் றீற்றா இதை மட்டும் விடவில்லை. முடிவில் ஒவ்வொருவரும் தன் மன்றாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் சுவாமி" என்று பதில் சொல்ல வேண்டும். ஜெனிற்றா வழமையாகப் பரீட்சை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவாள்.

அன்றைக்கு றீற்றா ஊரில் சுகமில்லாமல் இருக்கிற தன் அக்காவுக்காக மன்றாடினாள். பதில் சொன்னோம். அடுத்தது மகள். முழங்காலில் நின்றாள், முழங்காலில் மைதானத்து மண் காய்ந்து கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொன்னாள், சொல் சொல்லாகத் தேடி.

"எங்கட ரீமுக்காக. அஸ்மிதா அழுதுகொண்டு போனவள், அவளுக்காக. அடுத்த வருசம் நாங்கள் வெல்ல வேணும். பிறகு... நேபாள கேர்ள்ஸ் ரீமுக்காக. அவையள் எப்பவும் ஃபைனல்ல தோக்கினம். ஒருக்கா வெல்ல வேணும். உம்மை மன்றாடுறோம்."

றீற்றா உடனே பதில் சொன்னாள். என் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுரூபத்துக்கு முன்னால், எங்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில், என் பிள்ளை இன்னொரு நாட்டுக்காக மன்றாடுகிறாள். எங்கட ரீம் என்கிறாள். எனக்கு ஒரு ரீம் இருந்தால் அதற்காக அவளை இப்படி முழங்காலில் நிற்க வைத்திருப்பேனே. யோசித்துப் பார்த்தேன். இருந்த ஒன்று, எங்கள் ஊர்ச் சங்கம், அவளைச் சங்கீதக் கதிரையில் இருத்தியது. அப்போது நானும் அவர்களுடைய கூடாரத்துக்குள்தான் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

றீற்றா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகள் கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் காத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பதில் சொல்லி முடிக்காமல் மன்றாட்டு முடியாது என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் சுவாமி" என்றேன்.

மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தாள்.